24 வோல்ட்டில் ஒரு பாடம்



பள்ளி விளையாட்டு விழா என்றதும் நம் நினைவுக்கு வருவது தொடர் ஓட்டம். முதலாமவள் தன் பங்குத் தூரத்தை ஓடி முடித்து, கையிலுள்ள கோலை அடுத்தவளிடம் கொடுக்கிறாள். அவள் புதிய வேகத்துடன் புறப்படுகிறாள். இவ்வோட்டத்திற்கு ஆங்கிலத்தில் 'ரிலே' என்று பெயர். அதே பெயருடன், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு மின்கருவியும் உண்டு. அதைப் பற்றியும், அது எங்களுக்குக் கற்பித்த பாடத்தைப் பற்றியும் எழுத விழைகிறோம்.

நாங்கள் இருவரும் இப்பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டாம் ஆண்டு பயில்கிறோம். நாங்கள் சேர்ந்தபோது, "பெண்பிள்ளைக்குக் கரண்ட் வேலையா?" என்று உறவினர் கேட்டனர். எங்கள் தாய்மாரோ, "ஷாக் அடித்துவிட்டால் என்ன செய்வது?" என்று அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானதே. அதற்கு விடை சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரிலே என்பது யாது?

ஓர் இரும்புத் துண்டின்மேல் மெல்லிய செப்புக் கம்பியைப் பல நூறு சுற்றுகள் சுற்றி, அதில் மின்சாரத்தைச் செலுத்தினால் அவ்விரும்பு காந்தமாகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் காந்தத் தன்மை போய்விடுகிறது. இதை அறிவியல் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த மின்காந்தத்தின் எதிரே ஒரு சிறு இரும்புத் தகட்டை வில்லோடு பொருத்தினால், மின்சாரம் பாயும்போது தகடு இழுபடும். நின்றதும் வில் அதைப் பின்னுக்குத் தள்ளும். தகட்டின் அசைவால் சில உலோகத் தொடர்புகள் சேர்கின்றன, சில பிரிகின்றன. ரிலே என்பது இவ்வளவுதான்.

கம்பிச் சுற்றுக்குக் 'காயில்' என்று பெயர். அதன் இரு முனைகளும் ஏ1, ஏ2 எனக் குறிக்கப்பட்டிருக்கும். தொடர்புகளுக்கு 11, 12, 14 என்று எண்கள் உண்டு. மின்சாரம் இல்லாத நிலையில் 11-ம் 12-ம் சேர்ந்திருக்கும். காயிலுக்கு மின்சாரம் கொடுத்தவுடன் 11 அங்கிருந்து விலகி 14-உடன் சேரும். சும்மா இருக்கும்போது மூடியிருப்பதால் 12-ஐ 'நார்மலி குளோஸ்டு' என்றும், திறந்திருப்பதால் 14-ஐ 'நார்மலி ஓப்பன்' என்றும் அழைக்கிறோம். இரண்டாவது தொடர்பு இருந்தால் அதற்கு 21, 22, 24 என்று எண்கள் வரும்.

இதற்கு ஏன் ரிலே என்று பெயர்? முற்காலத்தில் கடிதம் கொண்டு செல்வோர் களைத்த குதிரையை வழியில் விட்டு, ஆயத்தமாய் நிற்கும் புதிய குதிரையில் ஏறிச் செல்வர். அந்த மாற்றுக் குதிரைகளுக்கு அப்பெயர். அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி, 1835-ஆம் ஆண்டளவில், சிறிய மின்னோட்டத்தால் ஒரு மின்காந்தத்தை இயக்கி அதைக் கொண்டு பெரிய மின்சுற்று ஒன்றைக் கட்டுப்படுத்திக் காட்டினார். தந்திக் கம்பியில் நெடுந்தூரம் ஓடிக் களைத்த மின்னோட்டத்திற்கு இக்கருவி மாற்றுக் குதிரையாய் உதவிற்று.

மூவர் ஓடும் ஓட்டம்

எங்கள் பயிற்சிப் பலகையிலுள்ள ரிலேயின் காயிலுக்கு 24 வோல்ட் நேர்மின்சாரம் கொடுக்கிறோம். அதன் மின்தடை சுமார் 650 ஓம். ஓம் விதிப்படி 24-ஐ 650-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 37 மில்லி ஆம்பியர் கிடைக்கும். இச்சிறு மின்னோட்டம் ரிலேயை இயக்குகிறது. ரிலேயின் தொடர்பு, 'கான்டாக்டர்' எனும் பெரிய அண்ணனின் காயிலுக்கு 240 வோல்ட்டை அனுப்புகிறது. கான்டாக்டர் 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை மோட்டாருக்கு அனுப்புகிறது. 5 குதிரைத்திறன் மோட்டார் எடுத்துக்கொள்வது 7 ஆம்பியருக்கும் மேல். முதலில் ஓடிய மின்னோட்டத்தைவிட இது ஏறத்தாழ 200 மடங்கு!

இதிலுள்ள நன்மையைக் கவனியுங்கள். இயந்திரத்தை இயக்குபவரின் விரல் தொடும் பொத்தானில் இருப்பது 24 வோல்ட் மட்டுமே. 415 வோல்ட் அப்பால், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. இரண்டிற்குமிடையே உலோகத் தொடர்பு கிடையாது. காந்த இழுப்பு மட்டுமே உண்டு. எங்கள் தாய்மாரின் கேள்விக்கு இது முதல் விடை.

ஆயினும் 24 வோல்ட் என்று அலட்சியம் கூடாது. உலர்ந்த கையை அது தாக்குவதில்லை என்பது உண்மையே. ஆனால் மோதிரமோ வளையலோ இரு முனைகளுக்கும் குறுக்கே பட்டுவிட்டால், பெருமின்னோட்டம் பாய்ந்து அவ்வுலோகம் பழுக்கச் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். ஆகவே பட்டறைக்குள் நுழையுமுன் வளையல், மோதிரம், சங்கிலி அனைத்தையும் கழற்றிவிடுகிறோம். பின்னலையும் சுருட்டிக் கட்டிக்கொள்கிறோம்.

எங்கள் பயிற்சிப் பலகை

எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பணி எளிதானது. பச்சைப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும். கையை எடுத்த பின்னும் எரிய வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அணைய வேண்டும். மோட்டாருக்குப் பதிலாகத்தான் விளக்கு. இவற்றோடு காளான் வடிவில் ஓர் அவசர நிறுத்தப் பொத்தானும் உண்டு. அதை அடித்தால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், திருகினால்தான் வெளிவரும்.

வயர்களுக்கு எண்கள் கொடுத்தோம். பியூஸிலிருந்து அவசரப் பொத்தானுக்குச் செல்வது 1. அங்கிருந்து சிவப்புப் பொத்தானுக்கு 2. சிவப்பிலிருந்து பச்சைக்கு 3. பச்சையிலிருந்து காயிலின் ஏ1-க்கு 4. ஏ2-இலிருந்து மின்வழங்கியின் எதிர்முனைக்குத் திரும்புவது 0.

பச்சையிலிருந்து கையை எடுத்தவுடன் மின்வழி அறுந்துவிடுமே, பின் விளக்கு எப்படி எரிந்துகொண்டே இருக்கும்? இங்கேதான் ரிலேயின் கெட்டிக்காரத்தனம். அதன் 11-ஐ வயர் 3-உடனும், 14-ஐ வயர் 4-உடனும் இணைக்கிறோம். பச்சையை அழுத்தியதும் ரிலே இழுபடுகிறது. 11-ம் 14-ம் சேர்கின்றன. பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஒரு மாற்றுப் பாதை உண்டாகிறது. கையை எடுத்தாலும் ரிலே தன் காயிலுக்குத் தானே மின்சாரம் கொடுத்துக்கொள்கிறது! இதற்கு 'ஹோல்டிங்' என்று பெயர். விளக்கை ரிலேயின் மற்றொரு தொடர்பான 21, 24 வழியாக எரிய வைக்கிறோம்.

அவசரப் பொத்தான் மூடியிருக்க வேண்டும். சிவப்பும் மூடியிருக்க வேண்டும். பச்சையோ ரிலேயின் தொடர்போ, இரண்டில் ஒன்று மூடியிருக்க வேண்டும். தொடராக இணைத்தால் 'உம்'. பக்க இணைப்பு என்றால் 'அல்லது'. இந்த ஒற்றுமையைத்தான் கிளாடு ஷானன் என்ற இளைஞர் 1937-இல் தமது பட்ட ஆய்வுரையில் கணித முறையில் விளக்கினார். இன்றைய கணிப்பொறியின் உள்ளே நடப்பதற்கும் அதுவே அடிப்படை.

வயரின் நுனியை 8 மில்லிமீட்டர் அளவு சீவி, இழைகள் பிரியாமல் சிறு குழலைச் செருகி நசுக்கி, திருகின்கீழ் வைத்து முடுக்க வேண்டும். பின் ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். இரு நுனியிலும் எண் வளையம் மாட்ட வேண்டும். பூத்தையல் போடும் பொறுமை இங்கே வேண்டும். அது நமக்கு உண்டல்லவா?

எரிந்தது சரி, அணைகிறதா?

காலை முழுதும் உழைத்து இணைத்து முடித்தோம். மின்சாரம் கொடுத்தோம். பச்சையைத் தொட்டதும் 'டிக்' என்று ரிலே இழுத்தது. விளக்கு எரிந்தது! கையை எடுத்தோம், எரிந்துகொண்டே இருந்தது. எங்களுக்கு மகிழ்ச்சி தாளவில்லை.

"சார், எரிந்துவிட்டது!" என்று பயிற்றுநரை அழைத்தோம்.

அவர் மெல்ல வந்து பார்த்தார். "எரிந்தது சரி அம்மா. அணைகிறதா?" என்று கேட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

விளக்கு அணையவில்லை. மறுபடியும் அழுத்தினார், அப்போதும் அணையவில்லை. அவசரப் பொத்தானை அடித்த பிறகே அணைந்தது.

எங்கள் முகம் வாடிவிட்டது. அவர் கோபிக்கவில்லை. "இது விளக்கு. போனால் போகிறது. இதே இணைப்பை மாவு மில்லில் கொடுத்திருந்தால்? பெல்ட்டில் ஓர் அம்மாவின் சேலைத் தலைப்பு சிக்கி, பதறிப்போய்ச் சிவப்பை அழுத்தியிருந்தால்?" என்றார்.

நாங்கள் வாயடைத்து நின்றோம். எங்கள் தெரு மாவு மில்லில் நாள்தோறும் நிற்கும் அக்காவின் முகம் எங்களுக்கு நினைவு வந்தது.

செய்த பிழை மிகச் சிறியது. 11-இலிருந்து வரும் வயரை 3-ஆம் திருகில் வைப்பதற்குப் பதிலாக, பக்கத்திலுள்ள 2-இல் வைத்துவிட்டோம். ஆகவே மாற்றுப் பாதை பச்சையை மட்டுமன்றிச் சிவப்பையும் சுற்றிக்கொண்டு போய்விட்டது. சிவப்புப் பொத்தான் பெயரளவில் இருந்ததே தவிர அதனால் பயன் ஒன்றுமில்லை. ஒரு திருகு தள்ளி வைத்த ஒரு வயர்! வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

மின்சாரம் கொடுக்குமுன் சோதனை

அன்று முதல் நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைக் கூறுகிறோம். முதற்சோதனை மின்சாரமே இல்லாமல் நடக்கும். மின்வழங்கியின் வயர்களைக் கழற்றிவிட்டு, விளக்கையும் எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, சிவப்பு முள்ளை வயர் 1-லும் கறுப்பு முள்ளை 0-விலும் வைக்கிறோம்.

ஒன்றையும் தொடாதபோது மீட்டர் எதையும் காட்டக் கூடாது. பச்சையை அழுத்தினால் காயிலின் 650 ஓம் தெரிய வேண்டும். பச்சையை அழுத்தியபடியே சிவப்பையும் அழுத்தினால் அது மறைய வேண்டும். அடுத்தது முக்கியமானது. ரிலேயின் மேலுள்ள சிறு சோதனை நெம்பைத் தள்ளி, அது இழுபட்ட நிலையை நாமே உண்டாக்குகிறோம். மீட்டர் மீண்டும் 650 ஓம் காட்டும். இப்போது சிவப்பை அழுத்தினால் அது மறைய வேண்டும். மறையாவிட்டால் எங்கள் பிழை அங்கே இருக்கிறது! இச்சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்திருந்தால் அன்று தலைகுனிந்திருக்க மாட்டோம்.

காயிலின் குறுக்கே ஒரு சிறு டயோடும் இருக்கும். காயிலின் மின்சாரம் அறும்போது, சுருங்கும் காந்தப் புலம் ஒரு கணம் பல நூறு வோல்ட்டைக்கூட உண்டாக்கிவிடும். அது பொத்தானின் முனையில் பொறி பறக்கச் செய்து அதை அரித்துவிடும். அந்த வேகத்தை டயோடு தன் வழியே சுற்றவிட்டு அடக்குகிறது. அதன் கோடு போட்ட முனை நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். நாங்கள் ஒருமுறை திருப்பி மாட்டிவிட்டோம். பச்சையைத் தொட்டவுடன் பியூஸ் போய்விட்டது.

மின்சாரம் கொடுத்த பின் சோதனை

இப்போது மீட்டரை நேர்மின்சார வோல்ட் அளவுக்கு மாற்றி, கறுப்பு முள்ளை 0-விலேயே வைத்து, சிவப்பு முள்ளை 1, 2, 3 என்று நகர்த்துகிறோம். எல்லாவற்றிலும் 24 வோல்ட் இருக்க வேண்டும். 4-இல் பச்சையை அழுத்தும் வரை ஒன்றும் இருக்கக் கூடாது. எந்த எண்ணில் 24 நின்றுவிடுகிறதோ, அதற்கு முன்னுள்ள இணைப்பிலேதான் பழுது.

வீட்டில் நாம் வைத்திருக்கும் நியான் டெஸ்டர் 24 வோல்ட்டுக்கு எரியாது. அது எரியவில்லை என்பதால் மின்சாரம் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது, மீட்டர்தான் சாட்சி.

பழுது தேடும் இவ்வேலையில் புகழ்பெற்ற ஒரு நிகழ்ச்சி உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரிலேக்களால் இயங்கிய 'மார்க் 2' என்ற பெரும் கணிப்பொறி, 1947 செப்டம்பர் 9-ஆம் நாள் தவறு செய்தது. தேடிப் பார்த்தால், ஒரு ரிலேக்குள் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது! அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அக்குறிப்பேடு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்கதையை உலகெங்கும் பரப்பியவர் அக்குழுவில் பணியாற்றிய கணித மேதை கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி. "பெண்பிள்ளைக்குக் கரண்ட் வேலையா?" என்போருக்கு அவர் பெயரைச் சொல்கிறோம்.

கெட்டாலும் நல்ல பக்கமாகக் கெட வேண்டும்

கடைசிச் சோதனையே எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பயிற்றுநர் வயர் 3-ஐக் கழற்றச் சொன்னார். கழற்றினோம், ரிலே விட்டது, விளக்கு அணைந்தது. "இனி இதை ஓர் எலி கடித்தாலும் இயந்திரம் நின்றுவிடும். புரிகிறதா?" என்றார்.

நிறுத்தும் பொத்தானை, சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் தொடர்பாக வைப்பது இதற்காகவே. அழுத்தினால் சேரும் பொத்தானை வைத்தும் நிறுத்தலாம். ஆனால் அதன் வயர் என்றோ அறுந்துபோயிருந்தால், அழுத்த வேண்டிய நேரம் வரும் வரை யாருக்கும் தெரியாது. மூடிய தொடர்பு என்றால், வயர் அறுந்த கணமே இயந்திரம் நின்று, "எனக்குப் பழுது வந்துவிட்டது" என்று தானே சொல்லிவிடும்.

பொத்தான்கள் எல்லாவற்றையும் நேர்முனைப் பக்கம் வைத்து, ஏ2-ஐ நேராக 0-வோடு சேர்ப்பதும் இதனாலேயே. எதிர்முனை நில இணைப்போடு சேர்ந்திருக்கும். பொத்தான்களை அப்பக்கம் வைத்தால், ஒரு வயர் உரிந்து இரும்புப் பெட்டியைத் தொட்டவுடன் பெட்டி வழியாகவே மின்வழி பூர்த்தியாகிவிடும். நிறுத்தும் பொத்தான் வீணாகிவிடும். நேர்முனைப் பக்கம் வைத்தால், அதே பழுதில் பியூஸ் போய் எல்லாம் நின்றுவிடும்.

அடுத்து பியூஸை எடுத்துவிட்டு மீண்டும் போட்டோம். விளக்கு தானாக எரியவில்லை. பச்சையை அழுத்தினால்தான் எரிந்தது. மின்வெட்டை அறியாதவர் நம்மில் யார்? கிரைண்டர் ஓடும்போது கரண்ட் போய்விடுகிறது. சுவிட்சை அணைக்க மறந்து உள்ளே கையை விட்டு மாவை வழிக்கிறோம். திடீரென்று கரண்ட் வந்தால்? சாதாரண சுவிட்சில் அது தானே ஓடத் தொடங்கிவிடும். ரிலேயோ, மின்சாரம் திரும்பினாலும் மனிதரின் கட்டளைக்குக் காத்திருக்கும். ஆகவே தங்கையரே, வீட்டில் கரண்ட் போனவுடன் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு மாவை வழிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை உண்டு. ரிலேயின் தொடர்புகள் சில வேளை சூட்டினால் ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது எப்பொத்தானை அழுத்தியும் பயனில்லை. ஆகவே மிக ஆபத்தான இயந்திரங்களுக்கு இரட்டைத் தொடர்புகளோடு, ஒன்று ஒட்டிக்கொண்டால் மறுமுறை இயங்க மறுக்கும் பாதுகாப்பு ரிலேக்களை வைக்கிறார்கள்.

இது பழைய தொழிலா?

"எல்லாம் கணிப்பொறி ஆகிவிட்ட காலத்தில் ரிலே எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 1969 முதல் தொழிற்சாலைகளில் ரிலேக்களின் இடத்தை 'பி.எல்.சி.' எனும் சிறு கணிப்பொறிகள் பிடிக்கத் தொடங்கியது மெய்யே. ஆனால் அவற்றுக்குக் கட்டளை எழுதும் 'ஏணிப் படம்' ரிலே இணைப்புப் படத்தின் மறு வடிவமே. ரிலே தெரிந்தவளுக்கு அது தாய்மொழி போல எளிதில் வருகிறது.

எங்கள் தாய்மாருக்கு இப்போது எங்கள் விடை இதுதான். ஆபத்து இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். ஆபத்து எங்கே இருக்கிறது என்று அறிந்து, அதற்குமுன் ஒரு மூடிய தொடர்பை வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

வேலை முடிந்து இரும்புப் பெட்டியின் கதவை மூடிவிட்டால், உள்ளே வயர் 11 எந்தத் திருகில் இருக்கிறது என்று யாரும் பார்க்கப் போவதில்லை. முகம் தெரியாத ஒருவர், என்றோ ஒருநாள், பதற்றத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். அந்த ஒரு கணத்திற்காகவே நாங்கள் இன்று ஒரு நிமிடம் கூடுதலாகச் சோதிக்கிறோம். எப்பணியை மேற்கொண்டாலும், "எரிந்தது சரி, அணைகிறதா?" என்ற கேள்வியை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் இருபது பேரில் நாங்கள் இருவர் மட்டுமே பெண்கள். அடுத்த ஆண்டு உங்களில் சிலரையும் அங்கே காண ஆவலாயிருக்கிறோம்.



முன்னாள் மாணவியர் இருவர்,
எலக்ட்ரீஷியன் பிரிவு, இரண்டாம் ஆண்டு